ஈசான மூலைக்கு உருண்ட தேசிக்காய்

கனடாவின் மொன்றியல் தமிழர்களிடம் தியாகலிங்கம் என்று பெயர் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. தேசிக்காய்த் தியாகர் என்று கேளுங்கள். எந்த மருத்துவமனைச் சமையலறையில் வேலை, எந்த பஸ்ஸில் போவார், கோட்-டெ-நெய்ஜில் எந்தக் கட்டடத்தின் எத்தனையாம் மாடி என்று மடமடவென்று சொல்லிவிடுவார்கள்.

பெயர் வந்த கதை ஒன்றும் பெரிய கதையல்ல. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் புரோசார்ட்டில் வீடு பார்க்கப் போனபோது துணைக்கு இவரும் போனார். கோயிலில் கொடுத்த எலுமிச்சம்பழம், எங்கள் பேச்சில் தேசிக்காய், ஒன்று சட்டைப் பைக்குள் கிடந்தது. சப்பாத்துக் கழற்றக் குனிந்ததும் அது விழுந்து, உருண்டு, கூடத்தின் ஒரு மூலையில் போய் நின்றது. தியாகலிங்கத்துக்கு மனைச் சாத்திரத்தில் கொஞ்சம் வாசிப்பு உண்டு. அது வடகிழக்கு, அதாவது ஈசான மூலை என்று கண்டுகொண்டார். ஈசானம் தாழ்ந்த வீட்டில் செல்வம் தங்கும் என்று சொல்லிவைத்தார். நண்பர் வீட்டை வாங்கினார். இரண்டாம் வருடமே அவர் மகனுக்கு மருத்துவப் படிப்புக் கிடைத்தது. அந்தப் பிள்ளை கண் முழித்துப் படித்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் தேசிக்காயைத்தான் பேசினார்கள்.

அதன்பிறகு அவரைக் கேட்காமல் கையெழுத்துப் போடும் குடும்பங்கள் குறைந்துபோயின. ஞாயிறு காலை வாசலில் கார் வந்து நிற்கும். தியாகர் குளித்து, திருநீறு பூசி, பையில் தேசிக்காயோடு இறங்குவார். பார்க்கப்போன வீட்டுக் கூடத்தின் நட்டநடுவில் குந்திக்கொண்டு அதை நிலத்தில் விடுவார். தள்ளமாட்டார். தள்ளினால் அது ஆளின் தீர்ப்பு, தானாகப் போனால்தான் வீட்டின் தீர்ப்பு என்பார். காசு தொடமாட்டார், மத்தியானச் சாப்பாடு மட்டும். ஆட்டிறைச்சிக் கறி இருந்தால் தீர்ப்புக் கொஞ்சம் இளகும் என்று அவர் மனைவி நிரஞ்சனி சொல்லுவாள். அது எவ்வளவு உண்மை என்பது அவளுக்கே வெளிச்சம்.

தொடக்கத்தில் ஒரு பிழையும் விட்டார். இந்த நகரத்தில் எல்லோரும் வடக்கு என்று கை காட்டுவது உண்மையான வடக்கு அல்ல. ஆற்றோடு சாய்ந்து போகும் தெருக்களுக்கு ஏற்றபடி ஊரார் வைத்துக்கொண்ட வடக்கு அது. தெருப்பலகையை நம்பி ஒரு வீட்டில் சாமியறையை மாற்றிச் சொல்லிவிட்டார். தெரியவந்த அன்றே அந்த வீட்டுக்குப் போய், சாமிப் படங்களைத் தன் கையாலேயே தூக்கி மற்ற அறைக்குக் கொண்டுபோய் வைத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் கழுத்தில் ஒரு திசைகாட்டியும் தொங்குகிறது. மனிசனிடம் எத்தனை குறை இருந்தாலும், பிழையை ஒளித்து வைக்கும் குணம் இல்லை.

இப்படி ஊர் முழுக்க வீடு பார்த்துக் கொடுத்தவர் சொந்தமாக ஒரு வீடு வாங்கவில்லை. ஒன்றும் அவருக்குச் சரிவரவில்லை. ஒரு வீட்டில் அடுப்பு பிழையான மூலையில் இருக்கும், இன்னொன்றில் வாசல் தெற்கே பார்க்கும், மூன்றாவதில் தேசிக்காய் மேற்கே போய்த் தொலைக்கும். மற்றவர்களுக்கு ஒரு பூச்சாடியை வைத்துச் சமாளிக்கச் சொல்லுவார். தனக்கென்றால் அப்பழுக்கு இல்லாமல் வேண்டும்.

இருபத்தாறு வருடமாக அவர்கள் இருந்தது வாடகைக்கு, மூன்றாம் மாடியில். மேலே ஒருவர் குதிக்காலால் நிலத்தை இடித்து இடித்து நடப்பார். கீழே ஒரு அம்மா, இவர்கள் கொஞ்சம் பலமாகக் கால் வைத்தாலே கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு உட்கூரையில் தட்டுவார். அதனால் நிரஞ்சனி நுனிக்காலில் நடக்கப் பழகியிருந்தாள். எத்தனையோ பேருடைய குடிபூரலுக்கு, புது வீட்டில் பால் காய்ச்சும் அந்த நாளுக்கு, விடியற்காலையில் போய்ச் சமைத்துக் கொடுத்திருக்கிறாள். அவர்களுடைய புது அடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பஸ் ஏறித் தன் மூன்றாம் மாடிக்குத் திரும்பி வருவாள். அவளுக்கு அது வலித்தது. ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன வருடம் செப்டெம்பரில், மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள் வித்தியா தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். சென்ற்-ஒர்த்தான்ஸ் என்று ஒரு கிராமம், பாலம் தாண்டித் தெற்கே ஒன்றேகால் மணி நேரம். சோளக் காட்டுக்கு நடுவே வெள்ளைப் பலகை வீடு, தகரக் கூரை, வயது நூற்றுப் பதினைந்து. தியாகர் அடுத்த வசந்தத்தில் வேலையை விட்டு ஓய்வெடுக்க இருந்தார். பார்ப்பதில் என்ன குறைந்துவிடும் என்று கிளம்பினார்கள்.

போய்ப் பார்த்தால் வாசல் கிழக்கு. அடுப்பு தென்கிழக்கில், அக்கினி மூலையில். கூடம் முழுக்க விற்பவர்களின் மேசை கட்டில் போன்ற தளபாடங்களும் கம்பளமும் கிடந்ததால் உருட்ட இடமில்லை. ஆனால் வடகிழக்கு மூலையில், வீட்டோடு ஒட்டியபடி வெறுமையாக ஒரு அறை இருந்தது. அந்தக் காலத்தில் கோடையில் சமைப்பதற்காகக் கட்டியதாம். தியாகர் குந்தியிருந்து தேசிக்காயை விட்டார். அது ஒரு கணமும் யோசிக்கவில்லை. கோடு கீறியதுபோல ஈசான மூலைக்கு ஓடிப்போய் டொக்கென்று சுவரில் முட்டியது. மூன்று தரம் விட்டார், மூன்று தரமும் அதே ஓட்டம். அறுபது வயது ஆள் எழும்பி நின்று கையைத் தட்டினார். சாத்திரப் புத்தகத்தில் கீறிக் காட்டுகிற வீட்டை வாழ்க்கையில் முதல்தரம் நேரில் கண்டுவிட்டார். அந்த அறைதான் சாமியறை, எண்பது பேரைக் கூப்பிட்டு அதற்குள் வைத்துத்தான் பூசை என்று, வீட்டு விலையைக் கேட்பதற்கு முதலே தீர்மானமாகிவிட்டது.

சிக்கல் அடுத்த நாள் வந்தது. இன்னொரு குடும்பமும் அந்த வீட்டில் கண் வைத்திருப்பதாக வீட்டு முகவர் சொன்னார். பரிசோதனை எதுவும் கேட்காமல் வாங்குகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் விற்பவர்களின் மனம் இந்தப் பக்கம் சாயலாம் என்றும் மெதுவாகக் கோடி காட்டினார். தியாகர் உடனே பேனாவை எடுத்தார். வித்தியா கையைப் பிடித்துத் தடுத்தாள். நூறு வயது தாண்டிய வீட்டை அத்திவாரம் பார்க்காமல் வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சண்டை பிடித்தாள். தான் ஏற்கெனவே சோதித்துவிட்டேன் என்று தியாகர் தேசிக்காயை எடுத்து மேசையில் வைத்தார்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தேசிக்காயைப் பற்றி ஒரு மறுவார்த்தை சொல்லாத நிரஞ்சனி அன்றைக்கு வாய் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, தேசிக்காய் பலகைக்கு மேல ஓடுது. பலகைக்குக் கீழ என்ன கிடக்கெண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்? ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாப்பம்."

தியாகருக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. ஆனால் மனைவி கேட்டது அந்த ஒன்றுதான். பரிசோதனை செய்து திருப்தியானால் வாங்குவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விற்பவர்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். பத்து நாள் தவணை. அதற்குள் பரிசோதனை சரிவராவிட்டால் விலகலாம். விலகினால் வீடு மற்றக் குடும்பத்துக்குப் போய்விடும்.

பரிசோதனைக்கு நாள் குறித்த சனிக்கிழமைக்காக அவர்கள் வீடு பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். வீடு பரிசோதிப்பது என்றால் ஒரு ஆள் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் அதைப் பொம்பிளை பார்க்கப் போகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நிரஞ்சனி நாற்பது றோல்ஸ் பொரித்தாள். தியாகர் முடிவெட்டிக்கொண்டு வந்தார். லொங்குய்யிலிருந்து அருளம்பலம் தன்னுடைய வான் வண்டியையே கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்பது வருடத்துக்கு முன் தியாகரின் தேசிக்காயை நம்பி அங்கே வீடு வாங்கியவர் அவர். அண்ணைக்கு வீடு வருகிற நாளில் தான் இல்லாமலா என்று ஒரே பிடி.

பாலம் ஏறும்போதே தியாகர் பேசத் தொடங்கிவிட்டார். சோளக் காடுகள் வரும்வரை நிறுத்தவில்லை. எந்த அறையில் யார் படுப்பது, எங்கே வேலி, எந்தச் சுவரில் ஆணி அடிப்பது. வாடகை வீட்டில் இருபத்தாறு வருடமாக ஒரு ஆணி அடிக்காத ஆள், வானில் இருந்தபடியே முப்பது ஆணி அடித்து முடித்துவிட்டார்.

பரிசோதகர் வாசலில் ஏணியோடு நின்றார். மடம் கறோன், அதாவது திருமதி கறோன், ஒரு கெபெக் பிரெஞ்சுப் பெண், வயது ஐம்பத்தைந்து இருக்கும். கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர், நெற்றியில் விளக்கு, இடுப்பில் ஒரு பை. வானிலிருந்து நான்கு பேரும் ஒரு பெரிய சாப்பாட்டுப் பெட்டியும் இறங்குவதைப் பார்த்து அவர் திகைத்துத்தான் போனார். பிறகு ஒரு றோல்ஸைக் கடித்துப் பார்த்துவிட்டு, பின்னால் வாருங்கள், ஆனால் நான் கேட்கும்வரை பேசவேண்டாம் என்றார். வித்தியா அதைக் கொஞ்சம் மரியாதை கூட்டித் தமிழில் சொன்னாள்.

முதலில் மடம் கறோன் வீட்டைச் சுற்றி நடந்தார். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மண் சுவரிலிருந்து விலகிச் சரிகிறதா, கல்லில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏணி வைத்துத் தகரத்தைத் தட்டினார். மேலே பரணுக்குள் தவழ்ந்து போய் வந்து, ஒழுக்கு இல்லை என்றார். மின்பெட்டி ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். ஒவ்வொரு முடிவும் வரும்போதெல்லாம் தியாகர் பள்ளிக்கூடச் சோதனை மறுமொழி பார்க்கிற பிள்ளைபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வித்தியா தலையாட்டியதும் அருளம்பலத்தின் முதுகில் ஒரு அடி விழும். மின்பெட்டிக்கு மட்டும் அடி விழவில்லை.

நிலவறைக்குள் இறங்கினார்கள். கருங்கல் அத்திவாரம், அதன்மேல் கோடரியால் செதுக்கிய உத்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஆளின் இடுப்புத் தடிப்பு. மடம் கறோன் ஒரு கூர்மையான திருப்புளியை எடுத்து உத்திரத்தின் நுனியில் குத்தினார். இறங்கவில்லை. அடுத்ததில் குத்தினார், அதிலும் இறங்கவில்லை. பதினொரு உத்திரமும் பார்த்து முடித்து, கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ஸா பூஜ் பா" என்றார். அசையாது என்று வித்தியா சொன்னாள். தியாகருக்குக் கண் கலங்கிவிட்டது. நிரஞ்சனியும் எட்டிப்போய் ஒரு உத்திரத்தில் கை வைத்தாள். குளிர்ந்து இறுகிக் கிடந்த அந்த மரத்தை விட்டுக் கையை எடுக்க அவளுக்கு மனமே வரவில்லை.

கடைசியாக ஈசான மூலை அறை. தியாகர் இதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தார். மடம் கறோன் வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தார். இடுப்புப் பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன இரும்புக் குண்டை எடுத்தார். குந்தியிருந்து நிலத்தின் நடுவில் வைத்து விரலை எடுத்தார். தள்ளவில்லை. குண்டு வடகிழக்கே ஓடிப்போய்ச் சுவரில் முட்டியது.

தியாகருக்கு வந்த சந்தோசத்தை அடக்க அங்கே ஒருவராலும் முடியவில்லை. பேசக்கூடாது என்ற கட்டளை காற்றில் போனது. சட்டைப் பையிலிருந்து தேசிக்காயை எடுத்து, மடம் கறோனுக்குப் பக்கத்தில் தானும் குந்திக்கொண்டு விட்டார். அதுவும் ஓடிப்போய்க் குண்டுக்குப் பக்கத்தில் நின்றது.

"பாத்தியே பிள்ளை, இந்த அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார் மகளிடம்.

ஆனால் மடம் கறோன் சிரிக்கவில்லை. தேசிக்காயைப் பார்த்தார், தியாகரைப் பார்த்தார். இவர் ஏன் சந்தோசப்படுகிறார் என்று வித்தியாவிடம் கேட்டார். வித்தியாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. எங்கள் சாத்திரத்தில் அந்த மூலை தாழ்ந்திருப்பது நல்லது, அப்பா இப்படித்தான் வீடுகளைச் சோதிப்பவர் என்று ஒருவாறு சொல்லி முடித்தாள். மடம் கறோன் அதைக் கேலி செய்யவில்லை. தானும் அதே சோதனையைத்தான் செய்வதாகவும், ஆனால் தரை சரிந்திருந்தால் கீழே எதுவோ விட்டுக்கொடுக்கிறது என்றுதான் தான் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஏன் அந்த மூலை மட்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. அறைக்குக் கீழே நிலவறையும் இல்லை, புகுந்து பார்க்க வழியும் இல்லை. உங்கள் சாத்திரம் ஏன் அந்த மூலையைச் சொல்கிறது என்று தியாகரையே கேட்டார்.

"அது தண்ணியின்ர மூலை. கிணறு வெட்டுறதெண்டா அங்கதான் வெட்டவேணும்" என்றார் தியாகர். ஒரு ஆள் தன்னை மதித்துக் கேட்டதில் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

வித்தியா அதை மொழிபெயர்த்ததும் மடம் கறோனின் முகம் மாறியது. கிணறு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முன்முற்றத்தில் இருக்கும் குழாய்க் கிணறு நாற்பது வருடத்துக்கு முன் தோண்டியது. வீடோ நூற்றுப் பதினைந்து வருடத்து வீடு. அதற்கு முந்தி இவர்கள் எங்கே தண்ணீர் அள்ளினார்கள்? கோடையில் சமைத்த இடத்துக்குப் பக்கத்தில்தானே?

எல்லோரையும் சுவரோரமாக, ஒருவர் பின் ஒருவராக வெளியே போகச் சொன்னார். குரலில் இருந்த இறுக்கத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பிறகு முகவர் மூலம் விற்பவர்களிடம் அனுமதி கேட்டார். மூலையில் ஏற்கெனவே விளிம்பு கழன்றிருந்த, தரையோடு ஒட்டிய விரிப்பைப் படுத்திருந்தபடியே மெல்ல உரித்தார். அடியில் பலகை, பலகையில் ஒரு இரும்பு வளையம். வாசலில் நின்ற நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். வளையத்தில் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுத்தார். பலகை எழும்பியது. நெற்றி விளக்கை உள்ளே பிடித்தார்.

கீழே கல்லால் கட்டிய வட்டக் கிணறு. நான்கு ஆள் ஆழத்தில் தண்ணீர் பளபளத்தது.

"அப்பிடியே இருக்கு, அண்ணை. சாத்திரத்தில சொன்ன இடத்தில அப்பிடியே இருக்கு" என்றார் அருளம்பலம் மெய்மறந்து.

மடம் கறோன் அதே திருப்புளியை எடுத்து, கிணற்றுக்கு மேலே தரையைத் தாங்கிய மரத்தில் குத்தினார். அவித்த மரவள்ளிக்கிழங்கில் குத்தியதுபோலப் பிடிவரை இறங்கியது. இன்னொன்றில் குத்தினார். அது துண்டாகக் கழன்று விழுந்தது. ஒரு கணம் கழித்துத்தான் கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது.

போன முறை அந்த மூலையில் நின்றுதான் தியாகர் கை தட்டியிருந்தார். நிரஞ்சனியும் அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தியாகர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். நிரஞ்சனி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"எண்பது பேரை அதுக்குள்ள நிக்கவைச்சிருப்பன்" என்றார். "சின்னப் பிள்ளையள் வேற."

நிரஞ்சனி அவரைத் திட்டவில்லை. சொல்லிக்காட்டவும் இல்லை. தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தகரக் கூரையையும் வெள்ளைப் பலகைச் சுவரையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இந்த வீடு வேணும்" என்றாள்.

இருபத்தாறு வருடத்தில் அவள் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டதே அதுதான். தியாகருக்கும் வேண்டும்தான், ஆனால் எப்படி? அந்த அறையின் கீழே புதுத் தூண் வைத்து, தரையை மட்டமாக்கி எடுக்கலாம். அப்படிச் செய்தால் சாமிக்கு அடியில் ஒரு மூடிய கிணறு. அதை அவர் மனம் ஏற்கவில்லை. தன் சாத்திரம் சரியா பிழையா என்பதே அவருக்கு அப்போது விளங்கவில்லை.

நிரஞ்சனி எழும்பிப் போய் மகளைக் கூப்பிட்டு, மடம் கறோனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். அந்த அறை இல்லாமலே போனால் வீடு நிற்குமா?

மடம் கறோன் வெளியே வந்து அறை வீட்டோடு சேரும் இடத்தைக் காட்டினார். அந்த அறை பிற்காலத்தில் கொண்டுவந்து ஒட்டியது. வீட்டின் சொந்தச் சுவர் அதற்குப் பின்னால் தன் கல்லின்மேல் தனியாக நிற்கிறது. அறை வருவதற்கு முதலும் வீடு நின்றது, அறை போனபிறகும் நிற்கும் என்றார்.

நிரஞ்சனி கணவரிடம் திரும்பி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைத் தியாகர் கண்டு கன காலம்.

"நீங்கள் சொன்னது சரிதான். தண்ணி இருக்கவேண்டிய இடத்திலதான் இருக்கு. அறைதான் பிழையான இடத்தில நிக்குது. அறையைக் கழட்டிப்போட்டுக் கிணத்தைத் திறந்து விடுவம்."

தியாகர் துள்ளி எழும்பினார். தேத்தண்ணி புல்லில் கொட்டியது. திசைகாட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டைச் சுற்றி ஒரு ஓட்டம், திரும்பி வந்து இன்னொரு ஓட்டம். வாசல் கிழக்கு, அடுப்பு அக்கினி மூலை, கிணறு வெளியே ஈசானத்தில், வானம் பார்த்தபடி. அறை இருந்ததால்தான் வீடு பிழையாக இருந்தது. அதை எடுத்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. அருளம்பலம் மிச்ச றோல்ஸையெல்லாம் மடம் கறோனின் காருக்குள் வைத்துவிட்டார்.

வைத்துவிட்டு வந்த அருளம்பலம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கேட்க மனமில்லாமல் கேட்டார்.

"அண்ணை, எங்கட வீட்டிலயும் ஈசானத்துக்குத்தானே ஓடினது?"

தூக்கிப் பிடித்திருந்த திசைகாட்டியைத் தியாகர் கீழே விட்டார்.

திங்கட்கிழமை அறிக்கை வந்தது. அதில் கிணறு எழுத்தில் இருந்தது. இனி யார் வாங்க வந்தாலும் விற்பவர்கள் அதை மறைக்க முடியாது. அறையைக் கழற்றி, கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கம்பி மூடி போட்டுத் தந்தால் வாங்குகிறோம் என்று வித்தியா முகவருக்கு எழுதினாள். மூன்று நாள் பதில் இல்லை. மருத்துவமனையில் தியாகர் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு பிழையான மாடிக்குப் போனார். நிரஞ்சனி கறிக்கு உப்புப் போட மறந்தாள். நான்காம் நாள், பதினொரு மணிச் சூப்போடு லிப்டில் நிற்கும்போது மகளின் அழைப்பு வந்தது. சரியாம். கதவு திறந்ததும் எதிரே சக்கர நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத ஒரு கிழவரிடம், தனக்கு ஒரு வீடு இருக்கிறது என்று தன் சமையலறைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டார். கிழவர் கையை நீட்டி வாழ்த்துச் சொல்லிவிட்டு, சூப் எங்கே என்றார்.

அன்று வேலை முடிந்து வந்ததும் தியாகர் தொலைபேசியோடு இருந்தார். அவர் வீடு பார்த்துக் கொடுத்த குடும்பங்கள் முப்பத்தொன்று, எல்லாம் மனப்பாடம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே பேச்சைப் பேசினார்.

"ஈசானம் பணிஞ்சிருக்கெண்டு நான்தான் சொன்னனான். ஏன் பணிஞ்சதெண்டு நான் பாக்கேல்லை. ஒருக்கா ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. அந்த அம்மாவின்ர நம்பர் தாறன்."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் கோபப்பட்டார். பலர் நம்பரை எழுதிக்கொண்டார்கள். அருளம்பலத்தின் வீட்டுக்கு மடம் கறோன் அந்த வாரமே போனார். கூரைத் தண்ணீர்க் குழாய் ஒன்பது வருடமாக அந்த மூலையின் காலடியிலேயே ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. குழாயை நீட்டி விட்டார்கள். காலத்தோடு கண்டுபிடித்தது நல்லதாகப் போயிற்று என்றார் மடம் கறோன். தியாகருக்கு அன்றுதான் நித்திரை வந்தது.

மே மாதம் குடிபூரல். எண்பது பேர் என்று சொன்னது நூறைத் தாண்டிவிட்டது. சோளக் காட்டு வீதியில் அரை மைலுக்கு வாகனங்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் என்ன சங்கதி என்று பார்க்க வந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார். ஈசான மூலையில் அறை இருந்த இடத்தில் வெயில் விழுந்தது. இடுப்பளவு கல்சுவரும் கம்பி மூடியுமாகக் கிணறு அங்கே சும்மா நின்றது. பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. மடம் கறோன் பட்டு உடுத்தவர்களுக்கு நடுவே காற்சட்டையோடு வந்திருந்தார், நெற்றி விளக்கு மட்டும் இல்லை.

தளபாடங்கள் போய்க் கூடம் வெறுமையாக இருந்தது. தேசிக்காய், தேசிக்காய் என்று சனம் சத்தம் போட்டது. தியாகர் நடுவில் குந்திக்கொண்டு அதை விட்டார். அது அரை விரற்கடை நகர்ந்தது, நின்றது. பிறகு நின்றது நின்றபடி. மடம் கறோன் தன் இரும்புக் குண்டையும் பக்கத்தில் வைத்தார். அதுவும் நின்றது. நூற்றுப் பதினைந்து வயதில் அவ்வளவு சாய்வு யாருக்கும் இருக்கும்தானே என்றார்.

சனம் தியாகரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஓடாத தேசிக்காயை அவர்கள் கண்டதில்லை. ஒருவர் பொறுக்கமுடியாமல், அப்ப இது நல்லதோ கூடாததோ அண்ணை என்று கேட்டார்.

"அசையேல்லை" என்றார் தியாகர். "இதைவிட என்ன வேணும்?"

நிரஞ்சனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து தேசிக்காயை எடுத்தாள். தேங்காய்ப்பால் சொதிக்குப் புளி காணாது, ஆட்கள் பந்தியில் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குத் திரும்பினாள். அவசரம். வெறுங்கால் பலகையில் தொம் தொம் என்று விழுந்தது. கீழே தட்டுவதற்கு ஒருவரும் இல்லை.

தியாகர் குந்தியிருந்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் மனைவி நடக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.